ஒரு லேன் விடுங்க!

ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கும் மனிதர்களும், அவர்களை உரசிக்கொண்டு பறக்கும் வண்டிகளும்

இரவு பதினொன்றரை மணி. பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. சாலையின் இடது ஓரம். லோடு ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று பிரேக் டவுன் ஆகி நிற்கிறது. ஏர் மொத்தமும் இறங்கிவிட்டதால் பின்சக்கரங்கள் இறுகிப்போய், எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. லாரிக்கு முன்னால் ரெக்கவரி வண்டி. அதன் தலையில் மஞ்சள் விளக்கு சுழல்கிறது. ஆபரேட்டர் தன் வண்டியிலிருந்து ஏர் ஹோஸை இழுத்துவந்து லாரியில் மாட்டுகிறார். பிரேக் விடுபட்டால் மட்டும் போதாது. கியர் பாக்ஸையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் ஜாயின்ட்டைக் கழற்றாமல் இழுத்தால் கியர் பாக்ஸ் போய்விடும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறார். உடம்பு உள்ளே. கால்கள் இரண்டும் வெளியே, வண்டிகள் ஓடும் பக்கமாக.

லாரிக்குப் பின்னால் ஒடித்துப் போட்ட வேப்பங்கொப்பு. அதற்கும் பின்னால் கிளீனர் பையன் ஒருவன், செல்போன் டார்ச்சை அடித்து வண்டிகளை விலகச் சொல்லிக் கையை ஆட்டுகிறான். தென்மாவட்டங்களுக்குப் போகும் பஸ்கள் ஹாரனை அலறவிட்டபடி கடக்கின்றன. ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் நிற்கிற லாரியே ஒரு குலுக்கு குலுங்குகிறது. அடியில் கிடப்பவருக்கு அந்தக் குலுக்கல் முதுகில் தெரியும்.

இரவில் இந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. லாரிக்குப் பதில் ஒருநாள் பஞ்சரான கார் நிற்கும். இன்னொருநாள் விபத்தில் நசுங்கிய ஆட்டோவும் அதன் அருகே 108 ஆம்புலன்சும் போலீஸ் ரோந்து வண்டியும் நிற்கும்.

சைரன் ஒலிக்க வரும் ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழிவிட நம் ஊர் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டது. அதே ஆம்புலன்ஸ் சாலையோரம் நின்று, அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிக் கடக்க வேண்டும்? லைசென்ஸ் வைத்திருக்கும் பலருக்கும் அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது. வேகத்தைக் குறைத்து, பக்கத்து லேனுக்கு மாறி, நிற்கும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே ஒரு லேன் காலியாக விட்டுக் கடக்க வேண்டும் என்பதுதான் பதில். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது சட்டம். இங்கே அப்படிச் செய்யாததன் விலையைக் கொடுப்பவர்கள், உதவிக்கு ஓடிவந்தவர்கள்.

பீர்க்கன்கரணை: வேகம் வந்து முட்டும் இடம்

தாம்பரத்துக்குத் தெற்கே இரும்புலியூர், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடக்கம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்த ஐந்து பேரூராட்சிகளில் பீர்க்கன்கரணையும் ஒன்று. ஊர் இன்றும் பழைய ஊர்தான். ஏரி, ரயில் பாதை, தெருக்கள். அதன் நடுவே ஓடும் சாலைதான் முழுக்க மாறிவிட்டது.

புழலில் இருந்து வரும் சென்னைப் புறவழிச்சாலை இந்தப் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையோடு சேர்கிறது. மீஞ்சூரில் இருந்து வரும் வெளிவட்டச் சாலை வண்டலூரில் வந்து முடிகிறது. துறைமுகத்து கன்டெய்னர்களும் தொழிற்பேட்டை லோடு லாரிகளும் இந்த இரண்டு வழிகளில்தான் இறங்குகின்றன. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, அங்கே போய்ச்சேர நகரத்தில் இருந்து கிளம்பும் மாநகரப் பேருந்துகள், ஆட்டோக்கள், கால் டாக்ஸிகள், டூவீலர்கள் என்று இன்னொரு கூட்டமும் இதே சாலையில் ஓடுகிறது.

நெரிசல் நேரத்தில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது ஆபத்து குறைவு. இரவு பத்தரை மணிக்கு மேல் நிலைமை தலைகீழ். இரும்புலியூருக்கும் வண்டலூருக்கும் நடுவே எட்டு வழியாக அகலப்படுத்தப்பட்ட சாலை காலியாகக் கிடக்கும். புறவழிச்சாலையில் பிடித்துவந்த வேகத்தைக் குறைக்க மனம் வராத கால்கள் ஆக்சிலரேட்டரில் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஓரத்தில் ஒரு வண்டி நின்றுவிடுகிறது.

விபத்தின் மேல் விபத்து

2023 செப்டம்பர் 11, விடியற்காலை. திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஒரு வேன் பஞ்சராகி நின்றது. ஆம்பூரை அடுத்த ஓணாங்குட்டை கிராமத்தைச் சேர்ந்தவர்கள் கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டயரைச் சரிசெய்யும்வரை காத்திருக்க, பயணிகளில் பலர் இறங்கி வேனுக்கு முன்னால் சென்டர் மீடியன் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த மினி லாரி வேன்மீது மோதியது. அந்த வேகத்தில் வேன் முன்னால் பாய்ந்து, உட்கார்ந்திருந்தவர்கள்மீது ஏறியது. 7 பெண்கள் இறந்துபோனார்கள்.

அதற்கு ஐந்து நாட்களுக்கு முன், செப்டம்பர் 6 அதிகாலை, சேலம் மாவட்டம் சங்ககிரியை அடுத்த சின்னாக்கவுண்டனூரில் சாலையோரம் நின்ற லாரியின் பின்புறம் ஓர் ஆம்னி வேன் மோதியது. ஒரு குழந்தை உட்பட 6 பேர் உயிரிழந்தார்கள். ஒரே வாரம், இரண்டு இடங்கள், 13 உயிர்கள். இரண்டிலும் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது, இன்னொன்று வேகம் குறையாமல் வந்தது.

உதவிக்கு வந்தவர்கள் பலியான சம்பவங்கள் இன்னும் கொடுமையானவை. 2022 அக்டோபர் 5 அதிகாலை, மும்பை பாந்த்ரா–ஒர்லி கடற்பாலத்தில் ஒரு கார் விபத்தில் சிக்கியது. காயம்பட்டவர்களை மீட்க ஆம்புலன்ஸ் வந்தது. காரை அப்புறப்படுத்த டோயிங் வண்டி வந்தது. அந்தக் கூட்டத்துக்குள் வேகமாக வந்த இன்னொரு கார் புகுந்தது. 5 பேர் இறந்தார்கள். பாலத்தின் மீட்புப் பணியாளர்களும் அதில் அடக்கம்.

2023 ஜூலை 20, நள்ளிரவு தாண்டிய நேரம். அகமதாபாத் இஸ்கான் மேம்பாலத்தில் ஒரு ஜீப், லாரியில் மோதி நின்றது. என்ன ஆயிற்று என்று பார்க்கவும் உதவவும் ஆட்கள் கூடினார்கள். போலீஸும் வந்தது. மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்த சொகுசு கார் அந்தக் கூட்டத்தின்மீது ஏறியது. 9 பேர் இறந்தார்கள். ஒரு போலீஸ் கான்ஸ்டபிளும் ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே உயிரைவிட்டார்கள்.

முதல் விபத்தில் தப்பித்தவரும் இரண்டாவது விபத்தில் சாகக்கூடும் என்பதை இந்தச் சம்பவங்கள் காட்டுகின்றன. ஆனால் புள்ளிவிவரங்களில் இந்த இரண்டாவது விபத்துக்கு என்று தனி இடம் கிடைப்பதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், பின்னால் வந்த வண்டி முன்னால் இருந்த வண்டியில் மோதியவை. பின்னால் வந்து மோதுவதுதான் நம் சாலைகளில் மிக அதிகமாக நடக்கும் விபத்து வகை.

தெரிந்தும் ஏன் மோதுகிறார்கள்?

"விளக்கு சுத்திக்கிட்டு இருந்ததே, அது கூடவா தெரியல?" என்று விபத்து நடந்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். விளக்கு தெரிகிறது. அது நிற்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்பது தெரிவதில்லை.

இரவில் தூரத்தில் இருந்து பார்க்கும்போது, ஓடும் லாரியின் சிவப்பு விளக்கும் நிற்கும் லாரியின் சிவப்பு விளக்கும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில் முன்னால் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். இடைவெளி மளமளவென்று குறைவதைக் கண் உணரும்போது, மீதமிருப்பது பிரேக் பிடிக்கப் போதாத தூரம். டிம் லைட்டில் ஓட்டும்போது ஓரத்தில் குனிந்து டயர் மாற்றுகிறவரின் உருவம் சில பத்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். அவர் கறுப்பு பேன்ட், அடர்நிறச் சட்டை போட்டிருந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டுகிறவரின் பார்வை எதில் நிலைக்கிறதோ, அந்தப் பக்கமே கையும் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும். சுழலும் விளக்கும் கூட்டமும் பார்வையை இழுத்துப் பிடித்துவைக்கும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், மது குடித்திருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: நசுங்கிக் கிடக்கும் வண்டியைக் கடந்துபோகும்போதே செல்போனில் வீடியோ எடுக்கும் பழக்கம். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி போன் திரையைப் பார்த்தால், வண்டி சுமார் 67 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

பெட்டிச் செய்தி: பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும்?

ஆபத்தை உணர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி, அதன்பின் நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டு ஒரு காருக்குப் போட்ட கணக்கு:

• மணிக்கு 40 கி.மீ.: சுமார் 26 மீட்டர்
• மணிக்கு 60 கி.மீ.: சுமார் 45 மீட்டர்
• மணிக்கு 80 கி.மீ.: சுமார் 69 மீட்டர்
• மணிக்கு 100 கி.மீ.: சுமார் 97 மீட்டர்

மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 80-ல் வரும் கார் நிற்க 100 மீட்டருக்கு மேல் வேண்டும். லோடு ஏற்றிய லாரிக்கும் ஆள் நிறைந்த பஸ்ஸுக்கும் இன்னும் கூடுதல் தூரம் தேவைப்படும்.

சாலைக்கு முதுகைக் காட்டும் வேலை

நெடுஞ்சாலையில் நிற்கிற எல்லோரும் வரும் வண்டிகளைப் பார்த்து நிற்கலாம். ரெக்கவரி ஆபரேட்டருக்கும் 108 ஊழியருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

காரை இழுக்க வரும் ஆபரேட்டர் குனிந்து ஹூக்கை மாட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி பெல்ட் போட வேண்டும். வின்ச் இழுக்கும்போது கம்பி எங்கேயும் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலதுபக்கச் சக்கரத்துக்கு பெல்ட் போடும்போது அவருக்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. வேலையில் கவனம் வைத்தால் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வேலை நடக்காது.

108 வண்டியில் வருபவர்கள் இரண்டே பேர்: வண்டி ஓட்டும் பைலட், முதலுதவி செய்யும் ஈ.எம்.டி. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் இந்தச் சேவையை அறியாத வீடு கிடையாது. விபத்து நடந்த இடத்தில் ஈ.எம்.டி. சாலையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துதான் ரத்தக்கசிவை நிறுத்த வேண்டும், கழுத்துக்கு காலர் மாட்ட வேண்டும். கழுத்தெலும்பு, முதுகெலும்பில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கினால் கைகால் விளங்காமல் போய்விடும். அந்த நிதானத்துக்கு அவருக்குச் சில நிமிடங்கள் வேண்டும். அந்த நிமிடங்களில் பக்கத்து லேனில் பஸ்கள் பாய்ந்துகொண்டிருந்தால், காப்பாற்ற வந்தவர் யாரை முதலில் காப்பாற்றுவார்?

தீயணைப்பு வீரர்கள், போக்குவரத்துப் போலீஸார், எரியாத தெருவிளக்கைச் சரிசெய்ய ஏணி வண்டியில் ஏறும் மின் பணியாளர்கள், இரவில் மீடியன் ஓரம் மண் கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் என எல்லோருக்கும் இதே நிலைதான். தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்தில் சாலையில் கிடக்கும் ஹோஸ் மேல் காரை ஏற்றினால், முனையைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்பவருக்குத் தண்ணீர் நின்றுபோகும்.

2021 டிசம்பர் 18-ல், இதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் நல்ல திட்டம். அந்த 48 மணி நேரத்தின் முதல் அரைமணி சாலையோரத்தில்தான் கழிகிறது. அந்த அரைமணியைப் பாதுகாப்பது அரசால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. அந்த வழியாக வண்டி ஓட்டும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களுக்கு வழிவிடாதவர்களுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் நடைமுறைக்கு வந்தபோது எல்லோரும் பேசியது இந்தப் பத்தாயிரத்தைப் பற்றித்தான்.

ஆனால் 194இ ஓடிவரும் வண்டிக்கு வழிவிடுவதைப் பற்றியது. நின்றுகொண்டிருக்கும் மீட்பு வண்டியைக் கடக்கும்போது எவ்வளவு வேகத்துக்குக் குறைக்க வேண்டும், எந்த லேனை விட வேண்டும் என்று எண்ணிக்கை போட்டுச் சொல்லும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. டோயிங் வண்டிக்கும் அப்படியொரு பாதுகாப்பு கிடையாது. அதனால் போலீஸ் கையில் இருப்பவை பொதுவான பிரிவுகள்தான்: அதிவேகத்துக்கு 183, ஆபத்தான ஓட்டுதலுக்கு 184, உயிர் போய்விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. எல்லாம் அடிபட்ட பிறகு, அல்லது கேமராவில் சிக்கிய பிறகு.

நிற்கும் வண்டிக்காரருக்கும் கடமை உண்டு. 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுவைப்பதைத் தடுக்கிறது. 2025 ஜூலை 29-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. வழக்கு நம் கோவையில் இருந்து போனது. 2017 ஜனவரியில், முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நிற்க, அதன் பின்னால் மோதி விழுந்தார் பைக்கில் வந்த கல்லூரி மாணவர். பின்னால் வந்த பஸ் அவர் காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். நெடுஞ்சாலையில் நிறுத்த நினைப்பவர் பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், பொறுப்பில் 50 சதவீதத்தைக் கார்க்காரர் மீதும், 30 சதவீதத்தைப் பஸ் மீதும், 20 சதவீதத்தை மாணவர் மீதும் வைத்தது. இடைவெளி விடாமல் பின்னால் போனவருக்கும் பங்கு உண்டு என்பதே அந்த 20 சதவீதத்தின் அர்த்தம். இழப்பீட்டுத் தொகையில் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

விபத்தில் உதவுகிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. அந்தத் தைரியத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவரை, பின்னால் வரும் வண்டியிடமிருந்து காப்பாற்றும் விதிதான் இன்னும் எழுதப்படவில்லை.

ஒரு ஊழியர் அடிபட்டார், ஒரு நாடு விதி எழுதியது

1994 ஜனவரி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊர். விபத்து நடந்த இடத்துக்கு உதவப்போன ஜேம்ஸ் கார்சியா என்ற ஆம்புலன்ஸ் ஊழியர்மீது ஒரு வண்டி மோதியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் விபத்து அறிக்கையில் தவறு அவர் பக்கம் என்று எழுதப்பட்டிருந்தது. சாலையில் நின்று வேலை பார்த்தவரைக் காப்பாற்ற அப்போது எந்த விதியும் இல்லை. அவர் விடாமல் போராடியதில், 1996-ல் அந்த மாநிலம் முதன்முதலாக 'மூவ் ஓவர்' சட்டத்தைக் கொண்டுவந்தது. 2012-ல் கடைசி மாநிலமாக ஹவாயும் சேர, இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அது சட்டம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2003-ல் அதைப் பின்பற்றியது. 2015-ல் மஞ்சள் விளக்கு எரியவிட்டு நிற்கும் டோயிங் வண்டிகளையும் சேர்த்துக்கொண்டது. டொரன்டோவில் டாக்ஸியும் டிரக்கும் ஓட்டும் ஈழத்தமிழர்களுக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இந்த விதி அத்துப்படி. அங்கே அதை மீறினால் அபராதமும் லைசென்ஸில் கரும்புள்ளியும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் அவசர வாகனம் விளக்கு போட்டு நின்றால், கடக்கிறவர் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைக்க வேண்டும். விக்டோரியாவில் 40.

வேகத்தைக் குறைத்தால் நேரம் வீணாகாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 200 மீட்டர் தூரத்தை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 9 நொடி ஆகும். 40-ல் கடந்தால் 18 நொடி. மதுரை போய்ச்சேரும் பஸ்ஸுக்கு இழப்பு 9 நொடி.

பெட்டிச் செய்தி: கடந்து போகிறவர் செய்ய வேண்டியவை

• சுழலும் விளக்கு, ஹசார்டு லைட், சாலையில் கிடக்கும் மரக்கொப்பு, கையாட்டும் ஆள் – எதைப் பார்த்தாலும் முதலில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள்.
• கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பக்கத்து லேனுக்கு மாறுங்கள். வண்டி மீடியன் ஓரம் நின்றால் இடதுபக்கம் மாற வேண்டும். அந்தப் பக்கம் டூவீலர்கள் வரும், கவனம்.
• லேன் மாற இடமில்லை என்றால் 30–40 கிலோமீட்டருக்குக் குறைத்து, முடிந்தவரை விலகிக் கடக்கவும்.
• ஹை பீமை டிம் செய்யுங்கள். வேலை செய்கிறவர் கண் கூசினால் எதிரில் வருவது தெரியாது.
• பக்கத்தில் போய் ஹாரன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது.
• வேடிக்கை பார்க்க நிறுத்தாதீர்கள். உதவ நினைத்தால் விபத்து இடத்தைத் தாண்டிப் போய், ஓரம்கட்டி, இறங்கி வாருங்கள்.

பெட்டிச் செய்தி: வண்டி நின்றுவிட்டால்

• உருளும் நிலையில் இருந்தால் சர்வீஸ் ரோட்டுக்கோ, பெட்ரோல் பங்க்குக்கோ கொண்டுபோய்விடுங்கள். பஞ்சரான டயர் போனாலும் பரவாயில்லை.
• ஹசார்டு லைட், இரவில் பார்க்கிங் லைட்டும் சேர்த்து. டிக்கியைத் திறந்தால் சில கார்களில் பின்விளக்கு மேலே போய்விடும். விளக்கை மறைத்துக்கொண்டும் நிற்காதீர்கள்.
• எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள். வேகமான சாலையில் 100 மீட்டர்.
• எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டே விலகி நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலும் மீடியனிலும் உட்காரவே கூடாது.
• தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108, போலீஸுக்கு 112.
• கல்லையும் கொப்பையும் கிளம்பும்போது அப்புறப்படுத்துங்கள்.

மறந்துபோன கல்

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாரி நின்றால் பின்னால் நான்கு கல்லை வைப்பது நம் சாலைகளின் பழைய வழக்கம். முக்கோணம் இல்லாத காலத்தில் அதைவிட்டால் வேறு வழியில்லை. லாரி கிளம்பிவிடும், கல் அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் டூவீலர்காரர் இருட்டில் அதில் ஏறித் தூக்கி எறியப்படுவார். ரெக்கவரி வேலை முடிந்து கிளம்பும்போது சிந்திய ஆயிலின் மேல் மண்ணைப் போட்டு, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி, கல்லை ஓரம்தள்ளிவிட்டுப் போகிற ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்ய அவர்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் சாலையில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கும் அவர்களுக்கு ஒரு லேன் வேண்டும்.

தாம்பரத்தில் தொடங்கலாம்

டெல்லியில் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் நிறைய உண்டு.

சாலை விதிகளை வகுக்கும் அதிகாரம் 118-வது பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளில், நிற்கும் மீட்பு வண்டிகளைக் கடப்பது பற்றி எண்ணிக்கையோடு ஒரு விதியைச் சேர்க்க அங்கேதான் முடிவெடுக்க வேண்டும். சேர்க்கும்போது டோயிங் வண்டிகளையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். ஆனால் பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் வேகவரம்பு வைக்கும் அதிகாரம் 112(2) பிரிவின்படி மாநில அரசுக்கே உண்டு. இரும்புலியூர் முதல் வண்டலூர் வரையிலான பகுதியில் இரவு நேர வேகவரம்பை முடிவு செய்து, போர்டு வைத்து, கேமராவில் கண்காணிக்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

பண்டிகை நாட்களில் பெருங்களத்தூர் பகுதியில் ஒரு ரெக்கவரி வண்டியும் கிரேனும் தயாராக நின்றால், பழுதான வண்டி சாலையில் கிடக்கும் நேரம் குறையும். வண்டி எவ்வளவு சீக்கிரம் அகற்றப்படுகிறதோ, அடுத்த விபத்துக்கான வாய்ப்பும் அவ்வளவு குறையும். ரெக்கவரி ஆபரேட்டர்களுக்கு ஒளிரும் மேலங்கியும் முக்கோணங்களும் ரப்பர் கூம்புகளும் கட்டாயம் என்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் சொல்லலாம். 2022 ஜனவரி 1 முதல் தனி ஆணையரகமாக இயங்கும் அதற்கு, இந்தச் சாலையில் எந்த வளைவில், எந்த நேரத்தில் வண்டிகள் அதிகம் நிற்கின்றன என்பது அத்துப்படி.

எல்.எல்.ஆர். தேர்வில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: "சாலையோரம் விளக்கு எரியவிட்டு நிற்கும் ஆம்புலன்சை எப்படிக் கடப்பீர்கள்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால், டிரைவிங் ஸ்கூல்கள் அடுத்த நாளே பதிலைச் சொல்லித்தரத் தொடங்கிவிடும். புதிதாக லைசென்ஸ் எடுக்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

பழைய லைசென்ஸ்காரர்களுக்கு வேறு வழி வேண்டும். தென்மாவட்டப் பஸ்களில் பெரும்பாலானவை கிளாம்பாக்கத்தைத் தொட்டுத்தான் போகின்றன. தினமும் மாலையில் அங்கே டிரைவர்கள் கூடுகிறார்கள். போக்குவரத்துக் கழகங்களும் ஆம்னி பஸ் உரிமையாளர்களும் சேர்ந்து, வண்டி கிளம்பும் முன் ஒரு பக்க அறிவிப்பை டிரைவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம்: விளக்கு சுழன்றால் வேகம் 40, ஒரு லேன் இடைவெளி, ஹாரன் கூடாது. அடுத்த பொங்கல் கூட்டம் கிளம்புவதற்குள் அந்த அறிவிப்பை அச்சடித்துவிட முடியும்.